விடுதலை முகாமைத்துவம்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரு பொலிஸ் பதிவேட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஒருமுறை எழுதப்பட்டதே அந்த மனிதருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் அவரை முதன்முதலில் பார்த்த அன்று அவர் ஒருவரை அறைந்தார். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பனியில், மூன்று மாத ஒப்பந்தத்தில், நான் கொம்பியூட்டரில் விபரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை எல்லா மெஷின்களும் ஒன்றாகச் செத்துப் போயின. பழுது பார்க்க வந்த ஒப்பந்தக்காரர்தான் அவர். கட்டையான ஆள், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, தோளில் ஒரு காக்கிப் பை. வணக்கமும் இல்லை, குட் மோர்னிங்கும் இல்லை. "யாரு கை பட்டது?" என்று கேட்டார். எந்தக் கந்தோருக்குள் நுழைந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

யாரும் எதையும் தொடவில்லை என்று நிர்வாக அதிகாரி சாதித்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. எல்லா மெஷின்களையும் ஓடவிடுகிற தாய் மெஷினுக்கென்று வைத்திருந்த மின்சாரப் பெட்டியில் தேநீர்க் கேத்தலைச் செருகியதே இந்த ஐயாதான் என்று சொல்லிவிட்டேன். அவர் போய்க் கேத்தலைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடாக இருந்தது. திரும்பி வந்து அதிகாரியின் கன்னத்தில் ஒன்று வைத்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி உட்கார்ந்து, மாலை வரை பாடுபட்டு, போன வேலையையெல்லாம் மீட்டுக் கொடுத்தார். மறுநாள் அவருடைய ஒப்பந்தமும் போயிற்று, என்னுடையதும் போயிற்று.

பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்துக்கொண்டு கிழிகிழி என்று கிழித்தேன். உங்களுக்குக் கை அரித்தால் என் சோற்றில் ஏன் மண் போடுகிறீர்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார். கடைசியில், "தங்கச்சி சொல்றது நெசம்தான்" என்றார். இரண்டு நாள் கழித்து, கலேவெலயில் மரக்கறி வாங்கி அனுப்புகிற ஒரு களஞ்சியத்தில் எனக்கு வேலை பிடித்துத் தந்தார். அங்கேயும் அவர்தான் மெஷின் பார்க்கிறவர். அதன் பிறகு அவர் வயர் இழுக்க, நான் விபரம் ஏற்ற, இரண்டு பேரும் சேர்ந்தே ஒப்பந்தம் பிடிக்கத் தொடங்கினோம். எனக்கு வாய், அவருக்குக் கை. இரண்டுமே ஒப்பந்தத்தைக் கெடுக்கிற உறுப்புகள்.

எதனால் இப்படி ஒரு கோபம் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் அவர்களுடைய தோட்டத்து லயத்தை எரித்தபோது, கும்பிட்டுக்கொண்டு நின்ற தகப்பனை அடித்து வீழ்த்தியதை அவர் பார்த்தாராம், அன்று பிடித்த கோபமாம். நான் அதை நம்பவில்லை. அவருடைய தம்பியும் பக்கத்தில் நின்று அதே காட்சியைத்தான் பார்த்தார். தம்பி வஹகோட்டைப் பக்கம் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறார், ஈக்குக்கூட அதட்டல் போடமாட்டார்.

ஒரு தடவை எனக்காகவும் அடித்தார். எங்கேயோ குண்டு வெடித்த செய்தி வந்த நாள். அப்படிப்பட்ட நாட்களில் நாங்கள் பஸ்ஸில் ஏறுமுன் பொட்டை அழித்துவிடுவோம், அன்று எனக்கு மறந்துபோயிற்று. ஒருவன் என் நெற்றியைக் காட்டி "கொட்டியா" என்றான். புலி என்று அர்த்தம். மற்றவர்களையும் பார்க்கச் சொன்னான். இரண்டு பேர் எழுந்தார்கள். பின்னால் நின்ற இவர், வயர் நுனியை நசுக்குகிற கிரிம்பரும் ஸ்க்ரூடிரைவர்களும் கிடந்த அந்தக் காக்கிப் பையை வீசி அவன் வாயிலேயே அடித்தார். பல் ஒன்று பஸ் தரையில் விழுந்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த ஹோல்டில் அவனைத் தானே இறக்கி, கைத்தாங்கலாக டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய், மருந்து கட்டும் வரை பக்கத்தில் நின்றார். அந்த ஆளைக் கண்டு பயந்ததைவிட இவரைக் கண்டுதான் அன்று நான் அதிகம் பயந்தேன்.

வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. வில்கமுவவில் ஒரு நெல் ஆலையில், எலி கடித்த வயரை வெறும் விரலால் தடவியே கண்டுபிடித்தார். ஆனாலும் மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒப்பந்தக் கடிதங்களோடுதான் காலம் போயிற்று. பழுது பார்ப்பவர் அவர், கையெழுத்துப் போடுகிறவன் டை கட்டிய இன்னொருவன். அந்த நேரத்தில்தான் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. தம்புள்ளை, கலேவெல, மாத்தளை மூன்று இடத்துக் களஞ்சியங்களின் கொம்பியூட்டர்களையும் சேர்த்துக் கவனிக்க ஒரு மெனேஜர் வேண்டும், ஒப்பந்தம் இரண்டு வருஷம், முகாமைத்துவச் சான்றிதழ், அதாவது மெனேஜ்மென்ட் சான்றிதழ், இல்லாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். அந்த மூன்று களஞ்சியங்களுக்கும் வயர் இழுத்ததே அவர்தான். பத்திரிகையை நாலாகக் கிழித்தார். பிறகு துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி என்னிடம் தந்து, "இந்தச் சான்றிதழ எங்க குடுக்குறான்னு பாரு" என்றார். நான் சிரித்துவிட்டேன். ஆட்களை மேய்க்கிற வேலைக்கு இந்தக் கைகளையா வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாற்பது வயதாகப் போகிறது என்றும், இன்னும் எத்தனை நாளைக்குக் கூரைக்குள் தவழ்வது என்றும் கேட்டார்.

படிப்பைத் தேர்ந்தெடுப்பதே ஒரு யுத்தமாக இருந்தது. கொம்பியூட்டர் பாதுகாப்புச் சம்பந்தமான சான்றிதழ் ஒன்று இருந்தது. தமிழனின் பைக்குள் அந்தப் புத்தகம் இருந்தால் சோதனைச் சாவடியில் என்ன ஆகும் என்று கேட்டு, அதை நானே வெட்டினேன். செயல்திட்ட முகாமைத்துவம் என்ற ஒன்றுக்கு, இத்தனை வருஷம் குழுவை நடத்தியதாக ஒரு மேலதிகாரியின் கடிதம் வேண்டும். இவருக்குக் கடிதம் தருகிற மேலதிகாரி இலங்கையில் இல்லை. மிச்சம் இருந்தது சேவை முகாமைத்துவம். பழுது வந்தால் எப்படி எழுதிவைப்பது, யாருக்குச் சொல்வது, மாற்றம் செய்யுமுன் யாரிடம் கேட்பது என்பதுதான் பாடம். சரி, எங்கே படிப்பது? கொழும்பில் ஒரு இடத்தில் குளிர் அறையும் கோப்பியும் காட்டினார்கள், பாடம் நடத்துகிறவரைக் காட்டவில்லை. கண்டியில் ஒரு இடத்தில் பரீட்சையில் சித்தி நிச்சயம் என்று எழுதித் தருவதாகச் சொன்ன விற்பனைக்காரனின் டையைப் பிடித்து இழுத்துவிட்டார். நான் இடையில் விழுந்து விலக்க வேண்டியதாயிற்று. கண்டியிலேயே ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த மூன்றாவது இடத்தில், மெலிந்த ஒரு சிங்கள ஆசிரியர் எழுந்து கை கொடுத்தார். இவர் அந்தக் கையைத் திருப்பி, விரல் நுனிகளைப் பார்த்தார். வயர் வெட்டிய தழும்புகள். ஒரு கேள்வியும் கேட்காமல் அங்கேயே சேர்ந்துவிட்டார். என்னையும் சேர்த்தார், தனியாகப் போய் உட்கார வெட்கமாம்.

பாடம் சிங்களத்தில் நடக்கும், பரீட்சை இங்கிலீஷில். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ் தட்டுத் தடுமாறும், மண்டைக்குள் ஏறுவது தமிழில்தான். அதனால் சி.ஆர். கொப்பி என்கிற தடித்த நோட்டுப்புத்தகம் ஒன்று வாங்கி, முன்பக்கங்களில் எல்லாச் சொற்களையும் தமிழில் எழுதித் தரச் சொன்னார். பக்கத்தில் இங்கிலீஷையும் எழுதப் போனேன், விடவில்லை. இங்கிலீஷ் இருந்தால் கண் அங்கேதான் போகும், மனசில் நிற்காது என்றார். எங்கள் வீடு வடக்கிலிருந்து வந்த அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் வீடு. அப்பாவிடம் பெரிய அகராதி ஒன்று இருந்தது, எனக்குத் தமிழ் கொஞ்சம் அதிகம் தெரியும் என்ற திமிரும் இருந்தது. இன்சிடன்ட் என்பதற்குச் சம்பவம் என்று எழுதினேன். சேஞ்ச் என்பதற்கு மாற்றம். புதிதாகச் செய்ததைச் சோதித்துப் பாவனைக்கு விடுவதற்கு ரிலீஸ் என்று சொல்வார்கள். அகராதியில் முதல் அர்த்தம் விடுதலை என்று இருந்தது. எழுதினேன். விடுதலை முகாமைத்துவம். விடுதலைத் திட்டம். விடுதலைப் பொறுப்பாளர். அந்த வருஷங்களில், இந்த நாட்டில், ஒரு தமிழச்சி அந்தச் சொல்லை யோசிக்காமல் எழுதியிருக்கிறாள் என்றால் அவளுக்கு எவ்வளவு கொழுப்பு இருந்திருக்க வேண்டும். சொல் கம்பீரமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அவரும் சந்தோஷப்பட்டார். முகாமைத்துவம் நீளமாக இருக்கிறதென்று தன்னுடைய குறிப்புகளில் முகாம் என்று எழுதி ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். சம்பவ முகாம். மாற்ற முகாம். விடுதலை முகாம்.

படிப்பு அவரை என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். அந்தப் பாடத்தின் தலையாய விதி, பழுது வந்தால் முதலில் வேலையை ஓடவிடு, யார் பிழை என்று தேடுவது அப்புறம் என்பது. இதைக் கேட்ட அன்று ஆசிரியரோடு ஒரு மணித்தியாலம் வாதாடினார். பிழை செய்தவனை விட்டுவிட்டு வேலை பார்ப்பது என்ன நியாயம் என்று கேட்டார். ஆசிரியர் தன் முன்வாயில் இருந்த கட்டுப்பல்லைக் கழற்றிக் காட்டினார். நானும் ஒரு காலத்தில் உன்னைப் போலத்தான், கடைசியில் ஒருவன் திருப்பி அடித்தான் என்றார். அதற்குப் பிறகு இவர் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். கோபம் வந்தால் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். வில்கமுவ ஆலை முதலாளியின் மைத்துனன் ஒரு மாத விபரத்தை அழித்துவிட்டு, மெஷின்தான் தின்றுவிட்டது என்று சொன்ன அன்று, கைகள் பைக்குள் கிடந்து துடித்ததை நான் பார்த்தேன். பிறகு வெளியே எடுத்து, கொப்பியைத் திறந்து எழுதினார். சம்பவம் ஒன்பது, வில்கமுவ, காலை பத்தேகால், முழுவதும் அழிந்தது, ஆள் தெரியும். எனக்கு அவரைப் பற்றிப் பெருமையாக இருந்தது. இந்த ஆள் மெனேஜராகிவிடுவார் என்று அன்றுதான் முதன்முதலாக நம்பினேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கலேவெலயிலிருந்து மாத்தளைக்கு வருகிற வழியில் ஆமியும் பொலிஸும் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரையும் இறக்கினார்கள். நான் முன்சீட்டில் வந்தவள், அவர் பின்னால் நின்று வந்தவர், இறங்கியபோதும் தள்ளித்தான் நின்றோம். ஐடென்டிட்டியில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் அவரைத் தனியாக நிறுத்தினார்கள். பையைக் கொட்டினார்கள். வயர்த்துண்டுகள், கிரிம்பர், கொப்பி. தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் கொப்பியை நடுவில் திறந்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, விடுதலை முகாம் என்று வாசித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சம்பவம் ஏழு, கலேவெல, மூன்று செத்தது, காரணம் தெரியாது. சம்பவம் எட்டு, தம்புள்ளை, பகல் பன்னிரண்டு மணி, எல்லாம் விழுந்தது. கொப்பிக்குள்ளிருந்து மடித்த ஒரு வரைபடம் விழுந்தது, மூன்று களஞ்சியங்களையும் கோடு போட்டு இணைத்தது. எல்லாம் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

முதல் அறை விழுந்தது. அவர் திருப்பி அடித்துவிடுவார், அந்த இடத்திலேயே சுட்டுவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. பழகின பழக்கத்தில் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் போட்டார். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. பைக்குள் ஏதோ வைத்திருக்கிறான் என்று ஒரு ஆமிக்காரன் கத்தினான். நாலு பேர் விழுந்தார்கள். வலது கையை இழுத்து பஸ் படியில் வைத்து துப்பாக்கிப் பிடியால் குத்தினார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு நான் எண்ணவில்லை. விரல்கள் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

இது யார் எழுதியது என்று கொப்பியின் முதல் பக்கத்தைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார்கள். என்னுடையது என்றார். கூட வந்தது யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றார். பிறகு பொலிஸ்காரர் பெண்கள் பக்கம் திரும்பி, என்னைக் காட்டி, இவளைத் தெரியுமா என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். வாயிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"தன்னே நே" என்றார். தெரியாது.

எந்தக் கந்தோரிலும் சும்மா இருக்காத என் வாய் அன்று திறக்கவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களை பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள், ஏறினேன். வீட்டுக்கு வந்து கை கழுவி, அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

நான் செய்தது ஒன்றே ஒன்று. கண்டி ஆசிரியருக்கு டெலிபோன் எடுத்து, என் பெயரை எங்கேயும் சொல்ல வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு விஷயத்தைச் சொன்னேன். அந்த மனிதர் மறுநாளே பாடப் புத்தகத்தோடு வந்தார். பிடிபட்டவருடைய மனைவியைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கும், பிறகு அவரைக் கொண்டுபோன இடத்துக்கும் அலைந்தார். இங்கிலீஷ் சொல்லைக் காட்டி, சிங்களச் சொல்லைக் காட்டி, இவர்கள் பிழையான தமிழ்ச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள், வெளியீடு என்று எழுதியிருக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். முதல் கிழமையே அவர்களுக்கு அது விளங்கிவிட்டதாம், அங்கிருந்த ஒரு பெரிய அதிகாரி சிரிக்கவும் செய்தாராம். ஆனாலும் விடவில்லை. ஏன் விடவில்லை என்று ஆசிரியருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

பரீட்சை போய்விட்டது. வலது கையில் மூன்று விரல் மடங்காது. கிரிம்பரைப் பிடிக்க முடியாது, யாரையும் அறையவும் முடியாது. பார்க்கப் போனபோது லயத்து வாசலில் உட்கார்ந்து இடது கையால் சோற்றுப் பீங்கானைத் தாங்கி, மடங்காத விரல்களால் சாப்பிட முயன்றுகொண்டிருந்தார். நான் அழுதேன். அழுகையை நிறுத்து என்று எரிந்து விழுந்தார். அடுத்த பரீட்சைக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார், தனக்கு இல்லை, எனக்கு. பொலிஸ் அறிக்கை கேட்கிற எந்த இடத்திலும் இனித் தன்னை எடுக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"படிச்சது வீணாப் போகக் கூடாது தங்கச்சி. நீ போய் எழுது" என்றார்.

எழுதினேன், சித்தியடைந்தேன். அதே விளம்பரம் மறுபடி வந்திருந்தது. நேர்முகத்தில் வந்த பாதிக் கேள்விகளுக்கு அவர் சொல்லித் தந்ததைத்தான் சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். அவர் வயர் இழுத்த மூன்று களஞ்சியங்களுக்கும் நான் மெனேஜர்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி லயத்துக்குப் போனேன். அவர் அதை இடது கையில் வாங்கி, மூன்று தடவை வாசித்தார். முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. சம்பளம், லீவு, போக்குவரத்து எல்லாம் கேட்டார். மூன்று களஞ்சியத்திலும் எந்த இடத்தில் வயர் பழசு என்று சொல்லத் தொடங்கினார். நான் பழைய கதையைத் தொடாமல் இருந்திருக்கலாம். என் வாய் விடவில்லை. நான் எழுதிய ஒரு சொல்லால்தானே இவ்வளவும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவருடைய மனைவி அடுப்படியிலிருந்து வந்தார். அந்த அக்கா என்னோடு அதிகம் பேசியதில்லை. தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார்.

"சொல்லுக்காக யாரும் அடிக்கல. அது மொத வாரமே வெளங்கிருச்சி. முன்பக்கத்து எழுத்து வேற, உள்ள இருக்குற எழுத்து வேறன்னு கண்டுபுடிச்சிட்டாங்க. முன்னால எழுதுனது யாருன்னுதான் ரெண்டு மாசமும் கேட்டாங்க. தெனமும் கேட்டாங்க."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். பழைய கோபம் அப்படியே முகத்துக்கு வந்திருந்தது.

"அத ஏன் இப்ப சொல்ற? நாளைக்கு அவளுக்கு மொத நாள்" என்றார்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனேன்.